ஒன்றரை சதவீதத்தில் ஊட்டி

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாண நாள் என்று ஒன்று இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாண வருஷம் மட்டும் தெரியும், அதுவும் காங்கிரஸ் கட்சியின் புண்ணியத்தில். யாராவது கேட்டால் அப்பா, "ஆவடி காங்கிரஸ் நடந்துச்சே, அந்த வருஷம்" என்பார். 1955 ஜனவரியில் ஆவடியில் பந்தல் போட்டு, நேரு முதலானவர்கள் வந்து அமர்ந்து, இந்தியா இனி சோஷலிச பாணியில் நடைபோடும் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் போனார்களே, அதற்கடுத்த சில மாதங்களில் எங்கள் வீட்டுக் கல்யாணம். எந்த மாதம் என்று கேட்டால் அம்மா வைகாசி என்பாள், அப்பா ஆனி என்பார். அந்த ஒரு மாதத் தகராறைக் காலமெல்லாம் இழுத்துக்கொண்டு போனார்களே தவிர, டிரங்குப் பெட்டியில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பார்க்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பார்த்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

அம்மாவுக்கு உல்லாசப் பயணம் என்றால் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வர வேண்டும். அன்றைக்குக் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், பொழுது சாய்வதற்குள் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் தரிசித்தால் விசேஷம். தூக்குச் சட்டியில் புளிசாதம், கூடவே பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர், பஸ் மாறி பஸ். கடைசி அம்மன் நம்ம அம்பத்தூருக்கு அடுத்த ஊர்க்காரி என்பதால் திரும்பும்போது அசதி தெரியாது என்பாள். அப்பா டி.ஐ. சைக்கிள்ஸில் ஷிப்ட் முடித்து, தன் ஹெர்குலிஸை உருட்டிக்கொண்டு கோயில் வாசலுக்கே வந்து நிற்பார். அம்மா கேரியரில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கணவனும் மனைவியுமாக அவர்கள் சேர்ந்து போன பயணம் என்று எனக்குத் தெரிந்து அந்தத் திருமுல்லைவாயல் - அம்பத்தூர் தூரம்தான்.

எனக்குக் கல்யாணம் 1995இல். அதற்குள் உலகம் முன்னேறி, அம்பத்தூர்க்காரனும் கல்யாணம் ஆன கையோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தால்தான் மாமியார் வீட்டில் மரியாதை என்ற நிலைமை ஏற்பட்டிருந்தது. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். 1964இல் தொடங்கிய அந்த எஸ்டேட்டில் அப்போது தெருவுக்குத் தெரு லேத் ஓடும், காற்றில் கட்டிங் ஆயில் வாசனை இருக்கும். அதையும் மீறிக்கொண்டு பாடிப் பக்கம் போகும்போது மட்டும் பிரிட்டானியாவில் பிஸ்கட் வேகும் வாசனை பஸ்ஸுக்குள் ஏறிவரும். டிக்கெட் வாங்காமல் பயணம் செய்தது அது ஒன்றுதான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊட்டிக்குப் பணம் சீட்டிலிருந்து வந்தது.

ஏலச்சீட்டு பிடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஸ்டோர்ஸ்காரர் நடத்திய சீட்டில் இருபது பேர், மாதம் ஐந்நூறு, ஆக மொத்தம் பத்தாயிரம். சம்பளத்துக்கு மறுநாள் சாயங்காலம் கேன்டீனில் கூடுவோம். அவசரம் உள்ளவன் தள்ளிக் கேட்பான். ஆயிரம் தள்ளி, ஆயிரத்து ஐந்நூறு தள்ளி என்று ஏறிக்கொண்டே போய், யார் அதிகம் தள்ளினாரோ அவருக்குச் சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த கழிவை எல்லோரும் பங்கு போட்டு அந்த மாதம் குறைத்துக் கட்டுவோம். இரண்டாயிரம் கழிவு என்றால் தலைக்கு நூறு ரூபாய் லாபம். நான் கட்டைப் பிரம்மச்சாரி, அவசரம் எதுவும் கிடையாது, ஆகவே மாதாமாதம் அடுத்தவன் அவசரத்தில் நூறு ரூபாய் சம்பாதித்துக்கொண்டு, காத்திருக்கத் தெரிந்தவன்தான் புத்திசாலி என்று கேன்டீனில் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் வெல்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவர், மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மூவாயிரம் தள்ளினார். அன்று தத்துவம் தொண்டையில் நின்றது. நூற்றைம்பது ரூபாயைக் குறைத்துக் கட்டிவிட்டு யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம். பிறகு என் முறை வந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு தள்ளி எடுத்தேன். "மாப்ள ஊட்டிக்குப் போறாரு, அவர் செலவுல நாம போண்டா சாப்பிடுவோம்" என்று அந்த வெல்டரே போண்டா வாங்கிவரச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்ந்தது.

நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போனோம். ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், வந்த வழியாகவே திரும்பி வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டி அம்பத்தூர் ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்து, நிற்காமல் ஓடியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் அவளும், இரண்டு மணி நேரத்துக்கு முன்பு நாங்கள் உட்கார்ந்திருந்த சிமென்ட் பெஞ்சையும், டீக்கடைப் பாய்லரையும், வழியனுப்ப வந்தவன் பூட்டிவிட்டுப் போயிருந்த சைக்கிளையும் கண் நிறையப் பார்த்தோம். சொந்த ஊரை ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலின் உள்ளேயிருந்து அலட்சியமாகக் கடந்து போவதில் இருக்கிற பெருமை இருக்கிறதே, அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது அது. தாம்பரத்துக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் ஊரில் எல்லாம் நிற்கும்.

ஊட்டியில் லாட்ஜுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, நூறு ரூபாய் மணியார்டர் செய்து, அதன் ரசீதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். வெந்நீர் பக்கெட் கணக்கு. கேமராவில் ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம். அதை நான் ரேஷன் அதிகாரிபோல நிர்வகித்தேன். தாவரவியல் பூங்காவில் நாலு, ஏரியில் மூன்று, மலை ரயிலுக்கு ஐந்து, மீதி மறுவீட்டு விருந்துக்கு. "இந்தப் பூ நல்லா இருக்குங்க" என்று அவள் நின்றால், "போன பூவே நல்லாத்தான் இருந்துச்சு, அதுல எடுத்தாச்சு" என்பேன். அந்தக் காலத்து என்னை இப்போது தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய்விடுவேன். வலது கையில் செலவு டைரி, இடது கையில் ஃப்ளாஸ்க், வாயில் சிக்கனம். ஒரு நாள் மாலை நடந்து போகும்போது சவாய் ஓட்டல் வாசலைக் கடந்தோம். 1829ஆம் வருஷத்திலிருந்து சரித்திரம் உள்ள இடம். சீமை ஓடு வேய்ந்த காட்டேஜ்கள், புல்வெளி, புகைபோக்கியில் கணப்புப் புகை. "உள்ள போய் ஒரு காபி மட்டும் குடிக்கலாமாங்க?" என்றாள். நான் ஆரம்பித்தேன்: வெள்ளைக்காரன் சௌகரியத்துக்குக் கட்டினது, நமக்கெதுக்கு, அங்கே ஒரு காபி விலையில் நம்ம ஊரில் ஒரு மாசம் ஆவின் பால் வாங்கலாம் என்று, அந்தக் காபியின் விலை என்னவென்று இம்மியும் தெரியாமலே, சேரிங் கிராஸ் வரைக்கும் சொற்பொழிவாற்றினேன். அவள் "சரிங்க" என்றாள். பெண்கள் சொல்லும் சில சரிங்களுக்குக் காலாவதித் தேதியே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடன் என்பது அந்த நாளில் எங்கள் தெருவில் ஒரே ஒரு இடத்தில்தான் கௌரவமாகக் கிடைத்தது: அண்ணாச்சி கடை நோட்டு. நீள நோட்டு, சணல் கயிற்றில் தொங்கும், வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, பருப்பு, விளக்கெண்ணெய், சாயங்காலம் திடீரென்று வந்த விருந்தாளிக்கு மிக்சர் என்று அண்ணாச்சியின் கையெழுத்தில் எங்கள் குடும்ப வரலாறே அதில் இருந்தது. ஒன்றாம் தேதி அப்பா பாக்கி தீர்க்கும்போது நானும் கூடப் போவேன், காரணம் இருந்தது. பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டு, பக்கத்தைக் குறுக்காக அடித்ததும், அண்ணாச்சி வெல்லத் தகரத்துக்குள் கையைவிட்டு ஒரு கட்டி எடுத்து என் கையில் வைப்பார். பாக்கி பெரிதாக இருந்த மாதம் கட்டியும் பெரிதாக இருக்கும். கூடவே ஒரு பிடி பொட்டுக்கடலை. நான் பார்த்த முதல் ரிவார்டு பாயிண்ட் அதுதான். வீடு வருவதற்குள் ரிடீம் செய்துவிடுவேன்.

அப்புறம் 1999இல் இங்கிலாந்தில் உலகக்கோப்பை நடந்தபோது பிரிட்டானியாக்காரர்கள் பிஸ்கட் உறையில் ரன் அச்சடித்து விற்றார்கள். நூறு ரன் சேர்த்துக் கொடுத்தால் ஒரு புத்தகம், சுரண்டிப் பார்த்து அதிர்ஷ்டம் இருந்தால் லண்டன். கல்யாணமாகி, மீசை வைத்து, கம்பெனியில் நாலு பேர் "சார்" என்று கூப்பிடுகிற நான், குப்பைத் தொட்டியோரம் கிடந்த உறையைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து எடுத்திருக்கிறேன். எங்கள் தெரு முழுக்க அந்தக் கோடையில் காலையும் மாலையும் பிஸ்கட்டே ஆகாரமாக இருந்தது. அந்த பிஸ்கட்டின் வாசனை இரண்டு ஸ்டாப் தள்ளி இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

கிரெடிட் கார்டு எங்களிடம் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981லேயே பயணிகளுக்கு மைல் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டது, இந்தியாவிலும் சில வங்கிகள் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கார்டு கொடுத்தன என்றெல்லாம் பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அது டை கட்டிய பையன்கள் ரூபத்தில் வந்தது. பெட்ரோல் பங்கில், கேன்டீன் வாசலில், ராக்கி தியேட்டர் பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்து, "லைஃப்டைம் ஃப்ரீ சார், ஒரு கையெழுத்துதான்" என்பார்கள். அப்பா அப்போது இருந்தார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட காசு இல்லேன்னு தெரிஞ்சும் எதுக்குடா குடுக்குறான்?" என்றார். நான் அவருக்கு நிதித் துறையின் வளர்ச்சிபற்றி விளக்கினேன். அவர் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி என்பது என் மண்டையில் ஏறச் சில வருஷங்கள் ஆயின.

ஓட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போவது என்று ஒரு கலை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் ஓ.டி.யில் நண்பர்களோடு டிபன் சாப்பிட்டால், சர்வர் தட்டில் சோம்பை வைத்து பில்லைக் கொண்டுவரும் கணத்தில் வாஷ்பேசின் பக்கம் நாலு பேர் வரிசையில் நிற்போம். ஒருவன் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். அந்தக் கூட்டத்தில் கடைசி ஆளாகக் கை துடைத்த நான் இப்போது எச்சில் கையோடு பாய்ந்து பில்லைப் பிடுங்குகிறேன். "நீங்க ஏன் சார்" என்று அவர்கள் பதறுவார்கள். "இருக்கட்டும், நீங்க அப்புறம் எனக்கு ஜீபே பண்ணிடுங்க" என்பேன். தாராள மனசு என்று நினைத்துவிடக் கூடாது. பாயிண்ட்.

கம்பெனியில் எவர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டினாலும், கொழுந்தியா மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் என்றாலும், ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் என்றாலும் நான் கார்டோடு ஆஜர். என் மைத்துனன் பூந்தமல்லியில் இருக்கிறான். ஏசி வாங்கப்போகிறேன் என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால், "மாப்ள, இரு, நான் வர்றேன்" என்று வண்டியை எடுத்துவிடுவேன். பாவம், ஒரு தடவை கடைக்காரரிடம் பேரம் பேசிக் குறைத்து வைத்திருந்தான். நான் கார்டை நீட்டியதும் அவர், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்றார். ஒன்றரை சதவீதப் பாயிண்டுக்காக இரண்டு சதவீதம் கூடக் கொடுப்பதா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மைத்துனன் க்யூஆரை ஸ்கேன் செய்து பணத்தைக் கட்டிவிட்டான். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் போனால் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமே இல்லை. கட்டணம் இல்லாத இடத்தில் பாயிண்ட் எங்கிருந்து வரும்? வீடு வரும்வரை நான் அவனோடு பேசவில்லை.

என் மனைவிதான் ஒரு நாள் கணக்கைச் சரியாகப் போட்டாள். நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் என்று என் கார்டில் டாடா நியூ காயின் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு காயின் ஒரு ரூபாய், தாஜ் குழும ஓட்டல்களில் அப்படியே கழித்துக்கொள்ளலாம், சவாயும் அவர்களுடையதுதான். முப்பதாவது கல்யாண நாளுக்கு முப்பதாயிரம் காயின் தேறிவிடும் என்று நான் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒன்றரை பர்சென்ட்ல முப்பதாயிரம்னா, இருபது லட்சம் செலவு பண்ணியிருக்கீங்க" என்றாள். அதில் பாதிக்கு மேல் ஊரார் வீட்டுச் செலவு என்று நான் வாதாடினேன். சில கடைகளில் ஐந்து சதவீதம் கிடைக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்றாள். அதே சரிங்க.

அப்பா கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. காசு இல்லாதவனுக்கு எதற்குக் கொடுக்கிறான்? நான் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சுமாருக்குத் தரகு கொடுக்கிறார், அதில் ஒரு துண்டு என் பாயிண்டாக வருகிறது. அதைக் கடைக்காரர் விலையில் ஏற்றிவைப்பார், கார்டே இல்லாமல் ரொக்கம் கொடுத்து ஒரு சோப்பு வாங்குகிற கிழவியும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆனால் அந்தக் கடையின் பெரிய கல்லா வேறு. தேதிக்குள் முழுசாகக் கட்டாமல், 'மினிமம் டியூ' கட்டிவிட்டு மூச்சு விடுகிறவர்களிடம் மாதம் மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டி வட்டி வாங்குகிறார்கள். அவர்களால்தான் என்னைப் போன்ற கெட்டிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகிறது. தண்டல்காரர்களைப் பிடிக்க 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமே வந்தது. கார்டுக்காரர்கள் முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆக, என் கேன்டீன் சீட்டு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேசம் பூராவும் ஆள் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவசரக்காரன் தள்ளுகிறான், காத்திருக்கிறவன் கழிவை எடுத்துக்கொள்கிறான். என் ஊட்டிக்கு மூவாயிரம் தள்ளியவர் யார், அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு போண்டாவாவது வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அப்படிச் சேர்த்ததும் நிலையா என்றால், அதுவும் இல்லை. அப்பா தலைமுறைக்கு டீவேல்யூவேஷன் என்றால் 1966 ஜூன். டாலர் 4.76 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 7.50 ஆன கதையை அவர் ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார். என் தலைமுறைக்கு அது ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற ஒரு மின்னஞ்சல். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு' என்று ஆரம்பித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும். பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது, வாடகைக்குக் கிடையாது, ரிடீம் செய்ய 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று போகும். விமானக் கம்பெனி மைல்களை நம்பியவர்களோ இன்னும் பாவம். கிங்ஃபிஷர் 2012இல் தரையிறங்கியது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. சேர்த்து வைத்தவர்கள் மாலை வாங்கிப் போடக்கூட விலாசம் இல்லை. அண்ணாச்சியின் வெல்லக்கட்டி ஒருநாளும் மதிப்புக் குறைந்ததில்லை. எறும்பு மொய்த்தது உண்டு.

ஆகவே, மின்னஞ்சல் வருமுன் போய்விடுவது என்று 2025இல் கிளம்பினோம். இப்போது எக்ஸ்பிரஸ் ரயில் எதற்கு? பைபாஸ் வழியாக மீனம்பாக்கம், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு விமானம். பறப்பது ஒரு மணி நேரம். ஆனால் வீட்டைப் பூட்டியதிலிருந்து கணக்குப் போட்டால், போரூர் நெரிசல், பாதுகாப்புச் சோதனை, பெல்டைக் கழற்றுவது, மாட்டுவது, மலைப்பாதை எல்லாம் சேர்ந்து பொழுது முழுக்க ஓடிவிட்டது. நீலகிரி எக்ஸ்பிரஸில் அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் புகையும் ஆவியுமாகக் காத்திருக்கும் பொம்மை ரயிலில் ஏறியிருப்போம். முக்கியமாக, விமானம் அம்பத்தூர் ஸ்டேஷனைக் கடப்பதில்லை. கடந்தாலும் பெஞ்சு தெரியாது.

விமான நிலையத்தில் லவுஞ்ச். கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாயோடு உள்ளே விட்டு, இட்லி, பொங்கல், ஏதோ ஒரு பாஸ்தா எல்லாம் வயிறு கொண்ட மட்டும். அந்த இரண்டு ரூபாய்க்காக நின்ற வரிசை கதவுக்கு வெளியே வளைந்து புத்தகக் கடை வரை நீண்டிருந்தது. முன்னால் நின்றவரின் கார்டு எடுக்கவில்லை. போன காலாண்டில் அவர் போதிய அளவு செலவு செய்யவில்லையாம். பின்னால் நின்ற பெரியவர் எட்டி எட்டிப் பார்த்து, "பொங்கல் தீந்துடுமா?" என்றார். கையில் கார்டு, வளைந்த வரிசை, உள்ளே சரக்கு தீர்ந்துவிடுமோ என்ற பதைப்பு. எங்கள் தெரு ரேஷன் கடையில் பாமாயில் வந்த நாள்தான். அங்கே அம்மா எனக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து இடம்பிடித்துவிட்டு வீட்டில் உலை வைத்துவிட்டு வருவாள். இங்கே செங்கல் வைத்தால் போலீஸ் வரும்.

ஊட்டிக்குப் போக இப்போது ஈ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. பதிவு செய்து, க்யூஆரைக் காட்டி, மலையேறினோம். சவாயில் எங்களை வரவேற்ற பெண், "ஸ்பெஷல் அக்கேஷன் சார்?" என்று கேட்டாள். என் மனைவி பதில் சொல்லுமுன் நான், "கல்யாண நாள். முப்பதாவது" என்றேன், என்னவோ மார்க் ஷீட்டை நீட்டுகிறவன்போல. காட்டேஜில் கட்டிலின் மேல் துண்டை முறுக்கி இரண்டு அன்னம் செய்து, சுற்றிலும் ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். அவள் பார்த்த மாத்திரத்தில், "பூவ இப்படியா வீணடிப்பாங்க" என்று இதழ்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு தட்டில் போட்டு, மேசையில் இருந்த பிள்ளையார்மாதிரி தெரிந்த ஒரு சிற்பத்தின் முன் வைத்துவிட்டாள். சாயங்காலம் ஒருவர் வந்து கணப்பில் விறகு அடுக்கிப் பற்றவைத்தார். நாங்கள் இருவரும் அவர் வேலை முடிக்கும்வரை, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள்போல, உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தோம். அவர் போனதும் அவள் அடுப்படிப் பழக்கத்தில் விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாள். "நல்லா எரியுது, இவ்வளவு எதுக்கு?"

காபி வந்தது. புல்வெளியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வெள்ளிக் கெண்டியில். முப்பது வருஷம் வட்டியோடு அந்த "சரிங்க"வை இன்று அடைத்துவிட்டோம் என்ற நினைப்பில் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். "டிகாக்‌ஷன் கம்மி" என்றாள். பிறகு மெனு அட்டையைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலது பக்கத்து எண்களை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "ரூம்தானே பாயிண்ட்ல? ராத்திரி சாப்பாடு?" என்று கேட்டாள். சாப்பாடு நம் கையிலிருந்துதான் என்றேன். நாங்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற வாசலைக் கடந்து, சேரிங் கிராஸ் வரை நடந்தே போய், ஒரு சின்ன மெஸ்ஸில் சுடச்சுட சப்பாத்தி குருமா சாப்பிட்டோம். திரும்பும் வழியில் வர்க்கி வாங்கினோம். இந்தத் தடவை நான் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. அவள்தான் ஆற்றினாள், அந்த மெனுவைப் பற்றி, ஏற்றம் முழுக்க.

அவள் செல்போனில் கணக்கில்லாமல் படம் எடுத்தாள். பூ, இலை, அன்னம், நான், கணப்பு, மறுபடியும் நான். அவற்றை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. பழைய முப்பத்தாறு படமும் ஆல்பத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குத் தனித்தனியாகக் கதை தெரியும். அதில் ஒன்றில் அவள் சவாய் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள், பின்னணியில் கூர்க்கா. அதை எடுக்க நான் எப்படிச் சம்மதித்தேன் என்பது மட்டும் எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

கோயம்புத்தூருக்கு இறங்கும் வழியில், எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, மைத்துனனிடமிருந்து போன் வந்தது. வாஷிங் மெஷின் வாங்கப் போகிறானாம், கடைக்குள் நிற்கிறானாம், அக்காவிடம் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கக் கூப்பிட்டானாம். நான் அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் இவள் வாயில் விழுந்து எழுந்தது போதும் என்று நினைத்தேன். அவள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டேய், பணத்தக் கட்டிடாத. நாளைக்கு வாங்கிக்கலாம். மாமா கார்டோட வருவாரு. மொதல்ல அந்தக் கடைக்காரன் ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா கேப்பானான்னு கேளு. கேட்டான்னா வெளிய வந்துடு. அஞ்சு பர்சென்ட் குடுக்குற கடை எதுன்னு மாமாவுக்குத் தெரியும்."